மனநோய் மருந்தும் வன்முறையும்: யாரைக் கேட்டு முடிவு செய்வது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது. – ஆசிரியர் குழு)



இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு தாய் எழுந்து நின்று கேட்டார்: "மனசு சரியில்லைன்னு ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரையைச் சாப்பிட்டா மனுஷனுக்கு வெறி பிடிக்கும், கொலைகூடப் பண்ணுவான்னு சொல்றாங்களே, நெஜமா?" அவருடைய மகன் மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். நேரம் ஆகிவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. செயலாளர் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே மருந்து விற்றவர், அடுத்த மாதம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நான் டாக்டர் அல்ல. 31 வருடம் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு இந்த நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்றவன். மருந்துப் பிரதிநிதிகளின் தொழிற்சங்கத்தில் இருந்தவன். ஆகவே எந்த மாத்திரை யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. மாத்திரைக்குப் பின்னால் நடக்கிற விவாதத்தைச் சொல்கிறேன்.

அந்தத் தாய்க்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அம்மா, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனநோய் மருந்து சாப்பிடுகிற மிகப் பெரும்பாலோருக்கு அதனால் வெறி வருவதில்லை. கடுமையான மனநோய்களில் மருந்து வன்முறையைக் குறைக்கிறது என்பதற்குத்தான் சான்று அதிகம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வெறும் புரளியும் இல்லை. சில மருந்துகள், சிலருக்கு, தொடங்கிய முதல் சில வாரங்களிலோ அளவைக் கூட்டிக் குறைக்கும்போதோ, தாங்க முடியாத ஒரு பதற்றத்தை உண்டாக்குகின்றன. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்லிவிட எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அவரிடம் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த மொழியில் பேசுவது என்பதுதான், தோழர்களே, வெளியூரில் வந்து பிழைக்கிற நம்முடைய கேள்வி.

இந்த விவாதத்துக்கு நம் நகரத்தோடு ஓர் உறவு இருக்கிறது. பலருக்குத் தெரியாது. மனநோய்க்கு மாத்திரை என்று ஒன்று ஐரோப்பாவில் வருவதற்கு இருபது வருடம் முன்னால், 1931-இல், இதே கல்கத்தாவில் கவிராஜ் கணநாத் சேன், டாக்டர் கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு பேர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். சர்ப்பகந்தா என்கிற செடியின் வேரைப் பொடித்துக் கொடுத்தால் ரத்தக் கொதிப்பு இறங்குகிறது, மூர்க்கமாக இருக்கிற மனநோயாளி அடங்குகிறார், ஒரு வார அளவில் தெளிவு வருகிறது என்பது அவர்கள் கண்டது. அதை அவர்கள் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. பீகார்க் கிராமங்களில் அந்த வேருக்கு 'பாகல் கீ தவா' என்றே பெயர்; பைத்தியத்துக்கு மருந்து என்று அர்த்தம். இதே நகரத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோப்ராவும் அவருடைய சகாக்களும் 1933-இல் அந்த வேரை ஆராய்ந்து எழுதினார்கள்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. 1954-இல் நியூயார்க் மாநிலத்து ராக்லண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் நேதன் கிளைன் அதை நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதை டாக்டர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற தொழிலாளியாம். உடைந்த கண்ணாடிகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று அவர்தான் முதலில் கேட்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, எனக்கு அது பிடிக்கும், ஒரு தொழிலாளி கவனித்தார் என்பதனால். 1957-இல் லாஸ்கர் பரிசு கிளைனுக்கும் கிடைத்தது, இந்த வேரை ரத்தக் கொதிப்புக்குப் பயன்படுத்திய பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீலுக்கும் கிடைத்தது. கல்கத்தாக்காரர்கள் இருவரும் அடிக்குறிப்பில் போனார்கள்.

நான் சொல்ல வந்தது பரிசைப் பற்றி அல்ல. மறுபக்கம் என்ன ஆயிற்று? ரத்தக் கொதிப்புக்காக ரிசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் உடைந்து போகிறார்கள், தற்கொலை எண்ணம் வருகிறது என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மூர்க்கத்தை அடக்குகிற அதே மருந்து இன்னொருவரைத் தன்னையே அழித்துக்கொள்ளத் தூண்டுகிறதா? அது சோர்வா, அல்லது மருந்தே உண்டாக்கிய ஒரு பதற்றமா? இதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. இன்றைக்குப் பத்திரிகையில் வருகிற விவாதம் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். மாத்திரை பிறந்த அன்றே கேள்வியும் பிறந்துவிட்டது.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் படித்த செய்திகளின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது.

1989 செப்டம்பர் 14. கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். ஒரு பெரிய அச்சகத்தின் தொழிலாளி துப்பாக்கியோடு அச்சகத்துக்குள் போய் 8 பேரைக் கொன்றார், 12 பேரைக் காயப்படுத்தினார், தன்னையும் சுட்டுக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மாதமாக அவர் ஃப்ளூவாக்செட்டின் என்ற மன அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரோசாக் என்று விற்ற மாத்திரை, கம்பெனி எலை லில்லி. உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் கம்பெனியின்மேல் வழக்குப் போட்டார்கள். 1994-இல் ஜூரி 9-க்கு 3 என்ற கணக்கில் கம்பெனி பொறுப்பல்ல என்றது. கம்பெனி உலகம் முழுக்க வெற்றி முரசு கொட்டியது. பிறகுதான் வெளிவந்தது: தீர்ப்புக்கு முன்பே கம்பெனி வழக்குப் போட்டவர்களோடு ரகசியமாகப் பண உடன்பாடு செய்துகொண்டிருந்தது. விசாரித்த நீதிபதிக்கே சொல்லாமல்! அவர் விடாமல் போராடி, வழக்கு சமரசத்தில் முடிந்தது என்று பதிவேட்டைத் திருத்த வைத்தார்.

இதில் எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் உண்டு, தொழிற்சங்கத்துக்காரன் என்பதால் உறுத்துகிறது. அந்த மனிதர் அச்சகத்தில் ஓர் இயந்திரத்தில் வேலை செய்ய முடியவில்லை, அழுத்தம் தாங்கவில்லை, என்னை மாற்றுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டிருக்கிறார். மனநோய் உள்ளவன் என்பதால் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று 1987-இல் அதிகாரப்பூர்வமாகப் புகாரே கொடுத்திருக்கிறார். அவர் செய்த கொலைகளை இது நியாயப்படுத்தாது. செத்தவர்களும் தொழிலாளிகள்தான். ஆனால் கோர்ட்டில் ஒரு பக்கத்து வக்கீல் மாத்திரை என்றார், மறு பக்கத்து வக்கீல் அவருடைய புத்தி என்றார். அந்த இயந்திரத்தைப் பற்றிய பேச்சு நடுவில் நசுங்கிப் போனது.

இரண்டாவது வழக்கு வயோமிங் மாநிலத்தில். 1998-இல் ஒரு முதியவர், பராக்செட்டின் என்ற மாத்திரை தொடங்கி இரண்டே நாளில், மனைவியையும் மகளையும் கைக்குழந்தையான பேத்தியையும் கொன்று தானும் இறந்தார். 2001-இல் ஜூரி, இந்த மருந்து சிலரைக் கொலைக்கும் தற்கொலைக்கும் தூண்டக்கூடும் என்று ஏற்று, பெரும் பொறுப்பைக் கம்பெனியின்மேல் வைத்து 64 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஆக, ஒரே வகை மாத்திரை. ஒரு ஊர் ஜூரி இல்லை என்றது, இன்னொரு ஊர் ஜூரி ஆம் என்றது. ஜூரி கையைத் தூக்குவது விஞ்ஞானம் ஆகாது என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு நமக்குப் பிடித்த பக்கம் வந்தாலும்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 1990-இல் ஹார்வர்ட் டாக்டர்கள் ஃப்ளூவாக்செட்டின் தொடங்கிய பின் கடுமையான தற்கொலை எண்ணம் வந்த 6 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1991-இல் அமெரிக்க அரசின் மருந்துக் குழு கூடி, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. 2004-இல் அதே அரசு, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த வகை மாத்திரைகள் தற்கொலை எண்ணத்தை அதிகப்படுத்தக்கூடும் என்று மருந்தின் விவரத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிக்கச் சொன்னது. 2007-இல் 24 வயது வரை அதை நீட்டியது. 1991-க்கும் 2004-க்கும் இடையில் 13 வருடம். அந்த 13 வருடத்தில் கம்பெனிகள் எத்தனை மாத்திரை விற்றிருக்கும் என்பதை என்னைப் போன்ற விற்பனைக்காரன் மனக்கணக்காகவே போடுவான். பராக்செட்டினைச் சிறுவர்களுக்கு விற்றதும், இன்னும் பல முறைகேடுகளும் சேர்ந்து 2012-இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் கம்பெனி அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்டியது.

வன்முறையைப் பற்றி நேரடியாக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், இரண்டும் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்தவை. ஒவ்வொரு மனிதரையும் அவரோடே ஒப்பிட்டார்கள்: மருந்து சாப்பிட்ட காலத்தில் எப்படி, சாப்பிடாத காலத்தில் எப்படி என்று. 2014-இல் வந்த ஆய்வு 82,647 நோயாளிகளைப் பார்த்தது. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான மருந்து சாப்பிட்ட காலத்தில் வன்முறைக் குற்றம் 45 சதவிகிதம் குறைவு. மனநிலையைச் சமன்படுத்துகிற மருந்துகளில் 24 சதவிகிதம் குறைவு. அடுத்த வருடம், 2015-இல், மன அழுத்த மாத்திரை வாங்கிய எட்டரை லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் மட்டும், மாத்திரைக் காலத்தில் வன்முறைக் குற்றத்துக்கான தண்டனை 43 சதவிகிதம் கூடுதல். காரணம் மாத்திரையா, மாத்திரையைத் தேடிப் போகவைத்த நோயா, கூடக் குடித்த சாராயமா என்பதை இந்த முறையால் முழுக்கப் பிரிக்க முடியாது என்று ஆய்வு செய்தவர்களே சொல்கிறார்கள். 43 சதவிகிதம் என்றால் பயப்பட வேண்டாம். குற்றமே செய்யாதவர்கள்தான் அதிலும் மிகப் பெரும்பாலோர். மிகச் சிறிய ஒரு எண் சற்றுப் பெரிதாகிறது.

குடியைப் பற்றிச் சொன்னேன். நம் மெஸ்களில் நடக்கிற விஷயம் என்பதால் ஒரு வார்த்தை. 1998-இல் வந்த அமெரிக்காவின் மக்ஆர்தர் ஆய்வு, மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை அதே தெருவில் குடியிருக்கிறவர்களோடு ஒப்பிட்டது. குடியும் போதையும் இல்லாத நோயாளிகள் அண்டை வீட்டாரைவிட அதிகமாக யாரையும் அடிக்கவில்லை. அல்பிரசோலம் என்ற மாத்திரையைச் சீட்டில்லாமல் நாலு நாலாகக் கத்தரித்து வாங்கி, ராத்திரி சரக்கோடு சேர்த்து விழுங்குகிற இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, 2014 முதல் வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தூக்கத்துக்குச் சாப்பிட்டவன் சிலசமயம் கட்டவிழ்ந்து ஆடுகிறான். அதற்குப் பெயர் பைத்தியம் என்று வைக்கிறோம்.

கத்தரித்து என்றேன் அல்லவா. எங்கள் பைக்குள் இரண்டு வகைக் காகிதம் இருக்கும். ஒன்று வழுவழுப்பான தாள். அதில் சிரிக்கிற பெண், சூரிய உதயம். மற்றொன்று பெட்டிக்குள் மடித்து மடித்து வைத்த, பொடி எழுத்துத் தாள். பக்க விளைவுகள் அதில்தான் இருக்கும். முதல் தாளை டாக்டர் மேசையில் விரிக்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாவது தாளை விரிக்கச் சொல்லி ஒரு மேனேஜரும் சொன்னதில்லை. நோயாளி பெட்டியாக வாங்குவதில்லை, அட்டையைக் கத்தரித்து வாங்குகிறார். ஆகவே அந்தத் தாள் கடைக்காரரின் குப்பைக் கூடையோடு நின்றுவிடுகிறது. அப்படியே வந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரே மருந்துக்கு ஐம்பது பிராண்டுப் பெயர் வேறு. 1975-இல் ஹாத்தி கமிட்டி பிராண்டுப் பெயர்களைப் படிப்படியாக ஒழியுங்கள் என்று சொன்னது. முதலில் ஒழிக்கச் சொன்ன சில மருந்துகளில் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தும் ஒன்று. நடக்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் இரண்டு பெயரில் ஒரே மருந்தை வாங்கி இரட்டை அளவு சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன்.

டாக்டர்கள் அகத்தீசியா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கிரேக்க வேர், உட்கார முடியாமை என்று பொருள். மனநோய் மருந்துகளில் பலவும், முக்கியமாக ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளும், சிலருக்கு மன அழுத்த மாத்திரைகளும், இதை உண்டாக்கும். நம் பாட்டிமார் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: இருப்புக்கொள்ளாமை. கால் நிற்காது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் ஓட வேண்டும். உடம்புக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? வெறி மாதிரித் தெரியும். நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் இருப்புக்கொள்ளாமை கூடும். அது தாங்காமல் ஒருவன் கதவை உடைத்தால், பார்த்தீர்களா, வன்முறை என்பார்கள். மருந்தால் வன்முறை வருகிறது என்ற குற்றச்சாட்டில் உள்ள உண்மையில் பெரும்பங்கு இந்தச் சுழலில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர் ஒருவருக்கு நடந்தது. பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரிப் பெயரும் வேண்டாம். தென்காசிப் பக்கத்துப் பையன், இட்லிக் கடையில் மாவாட்டுகிறவன். ராத்திரி தூங்காமல் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். முதலாளி நல்ல மனிதர், ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குரல்கள் குறைந்தன. ஆனால் நாலாம் நாளிலிருந்து வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே இருந்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். பிடித்து உட்காரவைத்த வார்டு ஊழியரின் கையைத் தட்டிவிட்டான். சீட்டில் 'வயலன்ட்' என்று எழுதினார்கள். அளவைக் கூட்டினார்கள். அவனுக்கு வங்காளி தெரியாது, இந்தி அரைகுறை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு ஆங்கிலச் சொல்தான் இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருந்தது.

நம் சங்கத்து அக்கா ஒருவர் பார்க்கப் போனார். "தம்பி, உள்ள என்னடா செய்யுது?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டார். "இருப்புக் கொள்ளலைக்கா. காலுக்குள்ள எறும்பு ஊருது. உக்காந்தா செத்துருவேன் போல இருக்கு. யாரையும் அடிக்கலைக்கா, கையை விடச் சொன்னேன்" என்று அழுதிருக்கிறான். அக்கா டாக்டரிடம் போய் வங்காளியில், "மாரவில்லை, சொட்ஃபொட் கொர்ச்சே" என்று பாதி தமிழும் பாதி வங்காளியுமாகச் சொன்னார். சொட்ஃபொட் என்றால் துடிப்பு, தவிப்பு. அந்த இளம் டாக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. அளவைக் குறைத்தார், பதற்றத்துக்கு வேறொரு மாத்திரை சேர்த்தார். சில நாளில் பையன் உட்கார்ந்து சாப்பிட்டான். இப்போதும் மருந்து சாப்பிடுகிறான், மாவும் ஆட்டுகிறான். நான் டாக்டரைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு ரூபாய் அவுட்டோர் டிக்கெட்டோடு வராந்தாவை நிறைக்கிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இந்தப் பையனுக்கு ஒரு அக்கா இருந்தார். இல்லாதவர்களுக்கு என்ன ஆகும்? கிழக்கு நேபாளத்திலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் 1980 மே மாதம் டார்ஜிலிங்கில் கொலை வழக்கில் கைதானார். மனநிலை சரியில்லை, விசாரணையைத் தாங்க மாட்டார் என்றார்கள். சிறைகள் மாறி மாறி, கடைசியில் நம் டம்டம் மத்தியச் சிறையில் இருந்தார். விசாரணை முடியவே இல்லை. குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. கூடச் சிறையிலிருந்த ஒருவர் வெளியே வந்து சொல்லி, ஹாம் ரேடியோக்காரர்கள் நேபாளத்தில் அவருடைய குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கல்கத்தா உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2021 மார்ச்சில் விடுதலையானார். ஏறத்தாழ 41 வருடம். கொலை செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் விசாரிக்கவில்லை. அவரும் நம்மைப் போல மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்தவர்.

அவர் மீதாவது வழக்கு இருந்தது. வழக்கே இல்லாமல், மனநோயாளி என்ற ஒரே காரணத்துக்காக வங்காளச் சிறைகளில் ஆண்களையும் பெண்களையும் வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். குற்றமற்ற பைத்தியங்கள் என்று அவர்களுக்கு அரசாங்கப் பதிவேட்டிலேயே தலைப்பு இருந்தது. 1912-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம் அதற்கு வழி விட்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும், எந்தக் கட்சி ஆண்டபோதும், நம்மவர்கள் ஆண்டபோதும், அது தொடர்ந்தது. பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1993 ஆகஸ்டில் அந்தப் பழக்கம் சட்டவிரோதம், அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று தீர்ப்பு வந்தது.

நம் ஊரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து போனார்கள். கத்தியது கேட்டும், எப்போதும் கத்துகிறவர்கள்தானே என்று விட்டுவிட்டார்கள் என்று அப்போது சொன்னார்கள். மருந்தே வேண்டாம், மருந்துதான் கெடுக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் ஏர்வாடியைக் காட்டுவேன். மருந்து இல்லாத இடத்தில் இருந்தது சங்கிலி.

மருந்து எல்லாம் சரி என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று காட்ட வேண்டும். நம்மில் சில மூத்த தோழர்களுக்கு இது கசக்கும், ஆனால் சொல்லத்தான் வேண்டும். லியோனித் பிளியூஷ் என்ற கணித அறிஞரைச் சோவியத் அரசு அரசியல் கருத்துக்காக மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்து, ஹாலோபெரிடால் கொடுத்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியே குரல் கொடுத்த பிறகு, 1976 ஜனவரியில் வெளியே விட்டார்கள். சங்கிலி கட்டினால் தழும்பு தெரியும். ஊசி போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே மருந்தை எதற்காகக் கொடுக்கிறார்கள், நோயாளியின் நலத்துக்கா, வார்டு அமைதியாக இருக்கவா என்று கேட்க நமக்கு உரிமை வேண்டும்.

அந்த உரிமை எழுத்தில் இருக்கிறது, தோழர்களே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 22-ஆம் பிரிவை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் என்ன, கொடுக்கப்போகிற சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்க விளைவுகள் என்ன என்று அறிகிற உரிமை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உண்டு. அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். புரிகிற மொழியில் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, நான் சேர்க்கவில்லை. பிரதிநிதி ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. வயது வந்த எவரையும் நோயாளி எழுதி நியமிக்கலாம், அவர் சம்மதித்தால் போதும். ஊரில் அப்பா அம்மா இருக்க இங்கே தனியாக மெஸ்ஸில் கிடக்கிற பையன்களுக்கு இது மிகப் பெரிய விஷயம். சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. இலவசச் சட்ட உதவியும் உண்டு. சட்டப்படி தகவல் தமிழில் வேண்டும். அதற்குத் தமிழ் தெரிந்தவரை யார் கொண்டுவருவது? கோப்ராவிலுள்ள பாவ்லவ் ஆஸ்பத்திரியோ, எஸ்.எஸ்.கே.எம்.மை ஒட்டியுள்ள மனநல நிலையமோ நமக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு வைக்கப்போவதில்லை. கேட்போம், மனுக் கொடுப்போம், அதுவரை நாம்தான் போக வேண்டும்.

வீட்டில் யாருக்காவது புதிதாக மருந்து தொடங்கினால் முதல் ஆறு வாரம் கண்ணில் வைத்திருங்கள். அளவு மாறினாலும் அப்படியே. தூக்கம் அடியோடு போகிறதா, உட்கார முடியாமல் நடக்கிறாரா, இல்லாத எரிச்சல் வருகிறதா, செத்துப்போகலாம் என்று பேசுகிறாரா என்று பாருங்கள். கண்டால் அடுத்த தேதிவரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்டென்று நீங்களே நிறுத்துவதும் ஆபத்து. பராக்செட்டின் போன்றவற்றைத் திடீரென விட்டால் தலைசுற்றலும் பதற்றமும் வரும், மனச்சிதைவு மருந்தை விட்டால் நோயே திரும்பி வரும். சீட்டுகள், காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமும் கேட்க முடியாவிட்டால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி இருக்கிறது, எண் 14416, தமிழிலும் பேசலாம், காசில்லை.

செயற்குழு என்னிடம் சொல்லச் சொன்னது ஒன்று. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போக ஒரு பட்டியல் தயாராகிறது. இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுது கொடுத்தால் போதும். வங்காளி எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை, மீன் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தெரிந்தால் போதும். அந்த அக்கா அதைவிடக் குறைவாகத்தான் பேசுவார். நோட்டுப் புத்தகம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது.